தாரினாவின் மருந்துக்கடை

செருப்பு கடித்த காலுக்குப் பிளாஸ்திரி வாங்க வந்த பெண், வாங்கி முடித்த பிறகும் நகரவில்லை. பின்னால் நின்ற தோழி அவளை முழங்கையால் இடித்தாள்.

“வேற ஏதாவது வேணுமா?” என்று நெவெனா கேட்டாள்.

“காதல் தோல்விக்கு ஏதாவது இருக்காக்கா?”

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்கள். நெவெனா அலமாரிப் பக்கம் திரும்பி, “நல்லா தூக்கம் வர்றதுக்கு மூலிகைத் தேநீர் இருக்கு. ஒரு பாக்கெட் தரட்டுமா?” என்றாள். இருவரின் முகமும் வாடிப்போயிற்று. ஆனாலும் தேநீரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆற்றங்கரை ஊரான நிக்கோபோலில் படகுத்துறைக்கு இறங்கும் தெருவில் அந்த ஒரு மருந்துக்கடைதான். அப்பா காலத்திலிருந்து நெவெனா அதில் நிற்கிறாள். இதே ஊரில் பிறந்த கலோயன் எழுதிய நாவல் வெளிவந்து, பல்கேரியா முழுக்கப் பேருந்திலும் கடற்கரையிலும் ஆட்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கியதிலிருந்து, அது வேறொருத்தியின் கடையாகிவிட்டது. நாவலில் ஒரு படகுத் தொழிலாளி, மருந்துக்கடைக்காரி தாரினாவிடம் மோதிரத்தை நீட்டுகிறான். தாரினா அதை மாத்திரை மடிக்கும் காகிதத்தில் சுற்றி அவன் பக்கமே தள்ளிவிட்டு, “இந்த நோய்க்கு எங்ககிட்ட மருந்து இல்ல” என்கிறாள். அவன் ஊரை விட்டே போய்விடுகிறான். அந்த வரியைப் பனியனிலும் காப்பிக் கோப்பையிலும் அச்சடித்து விற்றார்கள். கடையில் ஒரு மருந்து தீர்ந்துபோனால் அதை இல்லை என்று சொல்லும் உரிமைகூட நெவெனாவுக்கு இல்லாமல் போயிற்று. சொன்னால் சிரிப்பார்கள். வராது என்று தெரிந்தாலும் “நாளைக்கு வந்துரும்” என்பாள்.

நிஜத்தில் கலோயன் மோதிரத்தை நீட்டிய அன்று அவள் எதையும் காகிதத்தில் சுற்றவில்லை. அப்படி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. வந்தவர்களெல்லாம் தாரினாவைப் பார்க்க வந்தவர்கள். ஆனாலும் வந்தார்கள். பிள்ளைகளெல்லாம் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டதால் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் ஊர் அது. குளிர்காலத்தில் கடையை மூடி வீட்டுக்குப் போனால் மறுநாள் காலைவரை தன் குரலைத் தானே கேட்காத வாழ்க்கை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கல்நெஞ்சுக்காரியை வெறுத்துக்கொண்டிருப்பாள். திங்கட்கிழமை கடை திறக்கும்முன் உதட்டுக்கு லேசாகச் சாயம் பூசிக்கொள்வாள்.

சினிமா வரப்போகும் செய்தியைக் கொண்டுவந்தது பக்கத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் கிங்கா.

“சோஃபியாலேருந்து வர்றாங்களாம்டி. இங்கயே வச்சு எடுக்கப்போறாங்க. முதல்ல உன்னைத்தான் தேடி வருவாங்க பாரு.”

“எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதைப் போய் எதுக்கு எடுக்கணும்?”

“தெரிஞ்சதாலதான். எந்த இடத்துல அழணும்னு முன்கூட்டியே தெரியும்ல? உக்காரு, தலையைப் பாக்குறேன். இந்த நரையோட அந்த நடிகை உன்னைப் பாத்தா, நாயகன் தப்பிச்சான்னு நினைச்சுக்குவா.”

நெவெனா உட்கார்ந்தாள். சாயம் காயும் நேரத்தில், நடிகை வந்தால் என்ன சொல்லலாம் என்று யோசித்தாள். அடுத்த சில வாரங்கள் அதே யோசனைதான். கடையின் உள்ளறையில் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்தப் பெண் அங்கே உட்காருவாள், காப்பி குடிப்பாள், தாரினாவைப் பற்றிக் கேட்பாள். அப்போது நெவெனா சொல்வாள்: அவ அப்படிப் பேசுறவ இல்லம்மா. அவளுக்குப் பேச்சு சட்டுனு வராது. இப்படி, இந்த மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, அவ்வளவுதான். நடிகை அதைப் புரிந்துகொண்டு மேசையைப் பிடித்து நின்று காட்டுவாள். ஊரே, நாடே அந்தப் பேசாத பெண்ணைப் பார்க்கும்.

நடிகை வரவில்லை. ஜூனில் கை முழுக்கக் கொசுக்கடியோடு ஒரு இளம்பெண் வந்தாள். பெயர் பிலியானா, திரைக்கதை எழுதுகிறவள். நெவெனா களிம்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, “உங்களுக்கு என்ன கேக்கணுமோ கேளுங்க. நான் எங்கயும் போகல” என்றாள்.

பிலியானாவுக்கு முதலில் புரியவில்லை. அலமாரியைப் பார்த்தாள், பழைய தராசைப் பார்த்தாள். பிறகு முகம் மாறியது.

“அய்யோ, உங்ககிட்ட யாரும் சொல்லலையாம்மா? தாரினா படத்துல இல்ல.”

“இல்லன்னா?”

“புத்தகத்துல ஏகப்பட்ட பேர். ரெண்டு மணி நேரத்துல அத்தனை பேருக்கும் இடம் கிடையாது. அவளை எடுத்துட்டோம். மோதிரத்தை அவனே ஆத்துல வீசிடுறான். பாக்குறதுக்கு அது நல்லாருக்கும்.”

“அந்த வரி? அதைத்தானே எல்லாரும் சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க?”

“படிக்கும்போது நல்லாருக்கு. நடிகைய விட்டுச் சொல்லிப் பாத்தோம், நாடகம் மாதிரி இருந்துச்சு.”

“அப்ப இந்தப் புத்தகத்தை எதுக்கு எடுக்குறீங்க?”

பிலியானா களிம்பைத் தேய்த்தபடி, மறைக்காமல் பதில் சொன்னாள். “புதுக் கதைன்னு போனா, பணம் போடுறவங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க. இந்தப் பேரைச் சொன்னோம், படிக்காமலேயே சரின்னுட்டாங்க. ஜனங்க ஏற்கனவே இந்தக் கதைமேல ஆசை வச்சிருக்காங்க. அந்த ஆசையைத்தான் நாங்க வாங்குறோம். கதைய நாங்க எப்படி வேணா மாத்திக்கலாம்.” கையை உயர்த்திப் பார்த்தாள். “அரிப்பு நின்னுடுச்சு. ரொம்ப நல்ல களிம்பும்மா.”

அவள் போன பிறகு நெவெனா உள்ளறைக்குப் போய், துடைத்து வைத்திருந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் தன் முகத்தில் ஒட்டியிருந்த பொய்யை ஒருத்தி வந்து ஒரே பேச்சில் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்ததுபோலத்தான் இருந்தது. தாரினாவைத் திட்டுவதற்காவது ஒரு தாரினா இருந்தாள்.

படப்பிடிப்பின்போது அவள் கடைமீது செருப்புக்கடைப் பலகையை மாட்டினார்கள். கிங்கா அவளையும் இழுத்துப்போய்க் கூட்டக் காட்சியில் நடிக்கும் ஆட்களோடு சேர்த்துவிட்டாள். யாருடையதோ ஒரு சாம்பல் நிற மேலங்கியைப் போட்டுக்கொண்டு, படகுத்துறையில் அவர்கள் சொன்ன இடத்திலிருந்து சொன்ன இடம்வரை நடக்க வேண்டும். முறை வரும்வரை லிண்டன் மர நிழலில் நின்றாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தில் அடையாள அட்டையோடு, கலோயன் உட்கார்ந்திருந்தான். உடம்பு பெருத்து, கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. கையில் ஆறிப்போன பனிட்சா, பாலாடைக்கட்டி வைத்த அப்பம். அவனைக் கடந்து ஆட்கள் வயரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

“நெவெனா” என்றான்.

“எப்படி இருக்க?”

“பாக்குறியே. இங்க உக்காருங்க சார்னு சொன்னாங்க, உக்காந்திருக்கேன்.” நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டான். “உன்னைக் கதையிலேருந்து எடுத்துட்டாங்க. நான் எவ்வளவோ சண்டை போட்டேன்.”

“போடலன்னு உன் முகத்துலயே தெரியுது.”

அவன் சிரித்தான். “போடல. போட்டா படமே நின்னுடும்னு பயம். ஒரு தடவையாவது எல்லாத்தையும் கண்ணால பாத்துரணும்னு இருந்துச்சு. எழுதினவனுக்கு வேற என்ன ஆசை இருக்கும்?”

“நான் அப்படிச் சொல்லல கலோயன்.”

“தெரியும்.”

“பின்ன ஏன் எழுதுன?”

அவன் பனிட்சாவைக் காகிதத்தில் வைத்து மடித்தான். “நீ எதுவுமே சொல்லல. சும்மா நின்னே. நான் போற வழியெல்லாம் அதையேதான் நினைச்சுக்கிட்டுப் போனேன். யாராவது திட்டினாக்கூட ஒரு முடிவு கிடைக்கும். எனக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டுச்சு. நானே எழுதிக்கிட்டேன்.”

“நான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள இருமல் மருந்து கேட்டு ஒருத்தர் உள்ள வந்துட்டாரு. அவருக்கு அளந்து ஊத்திக் குடுத்துட்டுத் திரும்புனா, நீ இல்ல.”

கலோயன் மடித்த காகிதத்தை மடியில் வைத்தான். “என்ன சொல்ல வந்த?”

அவள் மேலங்கியின் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு நுனிவரை ஏதோ வந்தது. அது சரி என்பதா, கொஞ்சம் பொறு என்பதா, அப்பாவைத் தனியாக விட முடியாது என்பதா, அவளுக்கே இப்போது தெரியவில்லை. ஒலிபெருக்கியில் ஒருத்தி கத்தினாள்: “சாம்பல் கோட்டு போட்டவங்க எல்லாம் முன்னால வாங்க.”

“கூப்பிடுறாங்க” என்றாள்.

“போ” என்றான் அவன்.

அவள் நடந்தாள். திரும்ப நடக்கச் சொன்னார்கள். வெளிச்சம் போதவில்லை என்று மறுபடியும் நடக்கச் சொன்னார்கள். முடித்து மரத்தடிக்கு வந்தபோது நாற்காலியை எடுத்து அடுக்கிவிட்டிருந்தார்கள்.

பனிக்காலத்தில் ஊர் மன்றத்தில் படத்தைப் போட்டார்கள். படகுக்காரன் கரையில் தனியாக நின்று மோதிரத்தை வீசியபோது கூடமே அழுதது. கிங்கா மூக்கைச் சிந்திக்கொண்டே, “புத்தகத்தைவிட நல்லாருக்குல்ல?” என்றாள். நெவெனாவும் அழுதாள். யாரும் வேண்டாம் என்று சொல்லாத ஒருவன் எதற்காக மோதிரத்தை வீசினான் என்று அந்தக் கூடத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதை நினைத்தும் அழுதாள். அவள் நடந்த இடம் படத்தில் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் மருந்துக்கடையில் நிற்கவில்லை. நேராக ஆற்றுக்குப் போனார்கள். ஒரு நாள் கிழவர் ஒருவர் கேட்ட கண்மருந்து தீர்ந்திருந்தது. “எங்ககிட்ட இல்லைங்க” என்று சொல்லிவிட்டு நெவெனா அவர் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். அவர் சரி என்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

மார்ச் மாதத்தில் ஒரு மாலை, கடையை மூடியபின் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கரைக்கு நடந்தாள். மூடுபனியில் அக்கரையான ருமேனியப் பக்கம் தெரியவில்லை. ஆறு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கம்பித் தடுப்பில் கைவைத்து நின்றாள். சற்றுத் தள்ளி ஒரு பெண், மோதிரம் வீசும் படகுக்காரனைப் போல, தண்ணீரை நோக்கிக் கையை ஓங்கியபடி நிற்க, ஒருவன் அவளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் செல்பேசியைத் தாழ்த்தி நெவெனாவைப் பார்த்தான்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? நீங்க படத்துக்குள்ள விழுறீங்க.”

அவள் தள்ளி நின்றாள்.

“இன்னும் கொஞ்சம்.”

இன்னும் கொஞ்சம் போனாள். அந்தப் பெண்ணின் கை ஓங்கியபடியே இருந்தது, வெறும் கை. பனிக்குள் எங்கோ படகு வரும் இரைச்சல் கேட்டது. படகு கண்ணுக்குத் தெரியவில்லை.