அஷ்ஃபாக் அனுப்பிய பாடங்கள்

எந்த மொழிப் பாடத்துக்குள்ளும் ஒரு ஆள் இருப்பான். முதல் சில பக்கங்களைப் படித்தாலே அவன் யாரென்று தெரிந்துவிடும். ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டால் ஊர் சுற்ற வந்தவன். கத்தரிக்காய் விலை கேட்டால் அங்கேயே குடித்தனம் பண்ணப் போகிறவன். தன்னிடம் இந்தி டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஷப்னம் இதைப் பலமுறை விளக்கியிருக்கிறாள். ஆனால் தன் கணவன் அசீமுக்கு ரஷ்ய மொழிப் பாடம் தேர்ந்தெடுத்தபோது அவள் அந்த ஆளைத் தேடவில்லை.

அசீம் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பெர்மனென்ட் ஆகும் என்று காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. அவனும் அப்படிக் காத்திருக்க விரும்பவில்லை. வடலூரில் டிராவல்ஸ் நடத்தும் அஷ்ஃபாக், ரஷ்யாவில் ஒரு குடோனில் ஹெல்பர் வேலை இருக்கிறது என்று வந்து சொன்னான். வேறு நாடாக இருந்தால் ஷப்னம் துருவித் துருவிக் கேட்டிருப்பாள். நெய்வேலியில் ரஷ்யா என்றால் அப்படி யாரும் கேட்பதில்லை. முதல் அனல்மின் நிலையம் எழும்ப உதவியவர்கள் ரஷ்யர்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"நம்மூருக்கு கரண்டு குடுத்தவன் ஊரு. கண்ண மூடிக்கினு போலாம்" என்றான் அசீம். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

பாடங்களை ஷப்னம் தேடினாள். மெயின் பஜார் பழைய பேப்பர் கடையில் ஒரு தடித்த பாடநூல் கிடைத்தது. ரஷ்ய நிபுணர்கள் இங்கிருந்த காலத்து எஞ்சினியர் யாரோ வைத்திருந்தது. இலக்கணம் அருமையாக இருந்தது. ஆனால் மூன்றாம் பாடத்திலேயே கொதிகலனும் டர்பைனும் வந்துவிட்டன. அடுத்தது ஒரு போன் ஆப். பூனை, ஆப்பிள், பாட்டி என்று படம் காட்டியது. தவறாகச் சொன்னாலும் கைதட்டியது. மூன்றாவது, அஷ்ஃபாக் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பாடங்கள்.

கேட்டதும் அவளுக்குப் பிடித்துவிட்டது அந்த மூன்றாவதுதான். அது அவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தது. ஒரு பாடத்துக்குச் சில சொற்கள்தான். முதல் நாள் சொல் மறுநாள் திரும்ப வரும், பிறகு இரண்டு நாள் விட்டு வரும். மறக்கப் போகிற நேரம் பார்த்து நினைவூட்டினால் சொல் நெஞ்சில் தங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், சொல்லைக் கேட்டதும் உடம்பு அசைய வேண்டும். தமிழில் மொழிபெயர்த்து யோசிக்க நேரமே கிடையாது. லஜீஸ் என்றால் படுக்க வேண்டும். ஸ்தோய் என்றால் நிற்க வேண்டும். பிஸ்த்ரா, வேகமாக. தீஹா, சத்தம் கூடாது. நிஸீ, தூக்கிக்கொண்டு போ. ஒவ்வொரு பாடமும் ஒரே கேள்வியில் தொடங்கும். "கதோஃப்?" தயாரா? பதில் "தா". ஆமாம்.

"அந்தப் புத்தகத்தத் தூக்கிப் பரண்ல போடுங்க, ஆப்ப அழிச்சிடுங்க" என்றாள். "இதச் செஞ்சவனுக்குச் சொல்லிக்குடுக்கத் தெரிஞ்சிருக்கு."

ஷிப்ட் முடிந்து அவன் வந்ததும் பாடம் நடக்கும். அவள் அடுப்படியிலிருந்து திடீரென்று ஒரு சொல்லை வீசுவாள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் கூடத்தில் படுப்பான், எழுவான், அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றுவான்.

"என்ன பாய், வூட்ட ஜிம்மா மாத்திட்டியா?" என்று பக்கத்து வீட்டு பவுல்ராஜ் சன்னல் வழியாகக் கேட்பார்.

"ஸ்தோய்" என்பான் அசீம். பவுல்ராஜும் சிரித்துக்கொண்டே அசையாமல் நிற்பார்.

சில வாரங்களில் அவன் யோசிப்பதை நிறுத்திவிட்டான். குரல் கேட்ட கணமே உடம்பு கீழே கிடந்தது. ஷப்னத்துக்குப் பெருமையாக இருந்தது.

புறப்படும் நாள் வந்தது. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் அஷ்ஃபாக்கிடம் இருந்தன. மாலை மஃக்ரிப் தொழுகைக்கு முன் காரில் வந்து சென்னைக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தான். பெட்டியில் ஸ்வெட்டரை அமுக்கிக்கொண்டிருந்த அசீம் திடீரென்று நிமிர்ந்தான்.

"ஷப்னம், அங்க பன்னிக்கறி போடுவானுங்களாமே. வேணாம்னு எப்டி சொல்றது?"

"அதான் பாடத்துல..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். பாடத்தில் அது இல்லை.

போனை எடுத்துப் பாடங்களை முதலிலிருந்து ஓட்டிக் கேட்டாள். எந்த மொழியிலும் ஆமாமும் இல்லையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஒரே பக்கத்தில் வரும். இதில் ஆமாம் மட்டும் ஒவ்வொரு பாடத்திலும் இருந்தது. வேண்டாம் என்ற சொல் இல்லை. ஏன் என்பதும் இல்லை. எவ்வளவு, எத்தனை, எங்கே வைக்கட்டும், எதுவும் இல்லை. அவன் வாய் திறக்க வேண்டிய இடங்களைத் தேடினாள். தா தவிர ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கடைசிப் பாடத்தில். ஓன் தீஷித். அவனுக்கு மூச்சு இருக்கிறது.

இவ்வளவு நாளும் அந்தப் பாடத்துக்குள் நின்றிருந்த ஆளை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"என்னங்க. குடோன்ல மூட்ட எண்ண வேணாமா? இதுல ஒண்ணு ரெண்டு கூட இல்ல."

"போய்க் கத்துக்கலாம்."

"குடோன்ல எதுக்குங்க குப்புறப் படுக்கணும்? யாருக்கு மூச்சு இருக்குன்னு நீங்க எதுக்குப் பார்த்துச் சொல்லணும்?"

அவன் பெட்டியின் ஜிப்பை இழுத்தான். அது பாதியில் சிக்கியது.

"வேலைன்னு கூட்டிட்டுப் போய் சண்டையில நிறுத்திட்டாங்கன்னு டிவில காட்டுனாங்களே" என்றாள்.

"அது வேற ஏஜென்ட். அஷ்ஃபாக் நம்ம ஆளு. அவன் கல்யாணத்துல பிரியாணி எறக்குனதே நான்தான்." அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். பிறகு மெதுவாக, "வூடு வூடா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் ஷப்னம். கான்ட்ராக்ட்டையும் விட்டுட்டேன். இப்ப போவலன்னா என்னா பண்றது?"

"உசுரோட இருக்கறது."

அவன் பெட்டிமேல் உட்கார்ந்தான். அனல்மின் நிலையத்தின் இரைச்சல் எப்போதும்போலக் காற்றில் இருந்தது.

"சரி. வரலன்னு சொல்லிடறேன்" என்றான் கடைசியில்.

அவனே அழைப்பதற்குள் போன் அடித்தது. அஷ்ஃபாக். அசீம் ஸ்பீக்கரில் போட்டான். சொல்வதற்கு வாயைத் திறந்தும் விட்டான்.

"மாப்ள, கதோஃப்?"

"தா" என்றான் அசீம்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது. கண்கள் அவளிடம் திரும்பின. அந்தப் பதிலை அவன் நாக்கில் பதித்தவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"அவரு வரல, தம்பி" என்றாள் ஷப்னம் போனைப் பிடுங்கி.

"அண்ணி, பயமாத்தான் இருக்கும். எல்லா வூட்லயும் இப்டித்தான் அழுவாங்க. வண்டி ஆர்ச் கேட்டுக்கிட்ட வந்துட்ச்சு. என்கூட ரெண்டு பேர் வராங்க. வந்து பேசிக்கலாம்." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஷப்னம் கதவைத் தாழிட்டாள். ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து தடித்த பாடநூலை இறக்கினாள். முதல் பக்கத்திலேயே, தாவுக்குப் பக்கத்தில், அது இருந்தது. நியெத். இல்லை. அஷ்ஃபாக் கதோஃப் என்று கேட்கும் மொழியிலேயே பதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய பதில் முந்திக்கொள்ளும் என்று அவளுக்குப் பட்டது. பழக்கிய நாக்கைப் பழக்கித்தான் மாற்ற முடியும்.

"கதோஃப்?" என்றாள்.

"தா... இல்ல. நியெத்."

"யோசிக்காதீங்க. கதோஃப்?"

"தா." அவன் நெற்றியில் அறைந்துகொண்டான்.

தெருமுனையில் கார் திரும்பும் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. கதவுகள் திறந்து மூடின, ஒன்று, இன்னொன்று, இன்னொன்று.

அவள் அவன் தோள்களைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னப் பாருங்க. கதோஃப்?"

"நியெத்."

வெளியிலிருந்து யாரோ கதவைத் தள்ளிப் பார்த்தார்கள்.

"இன்னொருக்கா" என்றாள்.