தொண்ணூற்று மூன்று தண்டச்சோறு

தாவீதை ஏமாற்றுவது கஷ்டம். ஒருமுறை நன்றாக ஏமாந்தவன் என்பதால் இன்னும் கஷ்டம். வடக்குப்பட்டில் அப்பன் விட்டுப்போன ஒரு ஏக்கரை, நல்ல விலை என்று நம்பி ஒரு புரோக்கருக்கு எழுதிக் கொடுத்தான். ஆறே மாதத்தில் அந்த மனுஷன் அதை நாலு மடங்குக்குக் கைமாற்றிவிட்டான். அன்றிலிருந்து யாராவது சிரித்துப் பேசினாலே தாவீதுக்குச் சந்தேகம் வந்துவிடும். கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போதுகூட, பின்னால் நிற்பவன் எதற்கு நிற்கிறான் என்று ஒரு கண் வைத்திருப்பான்.

இப்பேர்ப்பட்டவன் போய் வாங்கிய சொத்து என்ன தெரியுமா? கையால் தொட முடியாத சொத்து. எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் ஒரு டாட் காம் பெயரை முந்திக்கொண்டு பதிந்துவைத்து, பிறகு பெரிய கம்பெனிக்குக் கோடிக்கணக்கில் விற்றானாம். ஸ்ரீபெரும்புதூரில் பாபு நடத்திய பிரௌசிங் சென்டரில் இதைக் கேட்டதுதான் தாமதம். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், மறைமலை நகர், நடுவில் இருக்கும் ஊர் ஒன்றுவிடாமல், பின்னால் ரூம்ஸ், லேண்ட், ஜாப்ஸ் என்று ஒட்டுப்போட்டுத் தொண்ணூற்று நான்கு பெயர்களைப் பதிந்துகொண்டான். நாளைக்கு வரும் கம்பெனிக்காரர்கள் எல்லாம் தன் வாசலில்தான் வந்து நிற்கவேண்டும் என்று திட்டம். பாபுவின் கிரெடிட் கார்டில் கட்டி, நிலம் விற்றதில் மிச்சமிருந்த பணத்தை அவனிடம் ரொக்கமாகக் கொடுத்தான்.

நிலமென்றால் வாங்கிப் போட்டால் சும்மா கிடக்கும். இது அப்படியில்லை. ஒவ்வொரு பெயருக்கும் வருஷா வருஷம் ஐந்நூறு ரூபாய் கட்டினால்தான் நம்முடையது. மொத்தம் நாற்பத்தேழாயிரம். அவனுடைய சம்பளமே வருஷத்துக்கு அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

வழி கண்டுபிடித்தவள் பெண்டாட்டி ஷெர்லின். தெற்கேயிருந்து வேலைக்கு வரும் பையன்கள் ரூம் தேடி அலைவதைப் பார்த்து, 'இருங்காட்டுக்கோட்டை ரூம்ஸ்' என்ற பெயரில் பாபுவை விட்டு ஒரு பக்கம் போடவைத்தாள். வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்கள் நாற்பது பேர் தங்கள் ரூமின் படத்தை அதில் போட்டு, மாதம் நூறு ரூபாய் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு அவளே வீடு வீடாக நடந்து வசூலித்தாள். ஒரு பெயர் சம்பாதித்தது, தொண்ணூற்று மூன்று உட்கார்ந்து தின்றன. கட்டியது போக வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் மிஞ்சும். அது அவள் செருப்புத் தேய்ந்ததற்குச் சரியாகப் போயிற்று.

"அந்த ஒண்ண மட்டும் வச்சிக்கினு மத்தத வுட்டுடலாமே," என்று கேட்டுப் பார்த்தாள்.

"வுட்டா மறுநாளே எவனாவது தூக்கிக்கினு போயிடுவான். நெலத்துல பட்டது போதாதா?" என்றான் தாவீது.

மூன்றாம் வருஷம் ஒரு மெயில் வந்தது. ரூம்ஸ் பெயரை இருபதாயிரத்துக்குக் கேட்டு எவனோ எழுதியிருந்தான். வேறு ஒருவனாக இருந்தால் வீட்டில் பாயசம் வைத்திருப்பான். தாவீது மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்தான். தன்னிடம் இருப்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது? கணக்கைத் திறந்து கொடுத்தவன் பாபு. பாஸ்வேர்டு தெரிந்தவனும் பாபு. போன வாரம் தான் உள்ளே நுழைந்ததும் பாபுவும் ஷெர்லினும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்குச் சிரித்தார்கள்?

மறுநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, மறைமலை நகரில் முன்பின் தெரியாத ஒரு சென்டருக்குப் போனான். புது மெயில் ஐடி ஒன்றைத் திறந்து, எல்லாப் பெயர்களையும் அதற்கு மாற்றினான். இரண்டுக்கும் எவனாலும் கண்டுபிடிக்க முடியாத ஒரே பாஸ்வேர்டு வைத்தான். எழுதிவைத்தால் காகிதம் திருடு போகும் என்று எழுதிவைக்கவில்லை. ஷெர்லினிடம் சொன்னால் பாபு காதுக்குப் போகும் என்று சொல்லவில்லை. எந்தக் கம்ப்யூட்டரில் எவன் என்ன வைத்திருக்கிறானோ என்று அந்த மெயிலை மறுபடி திறக்கவும் இல்லை. முப்பது நாள் திறக்காவிட்டால் இலவச மெயிலை மூடிவிடுவார்கள் என்று பாபு சொல்லியிருப்பான். அவனைக் கேட்டால்தானே!

"ண்ணா, ஜூனோட தேதி முடியுது. இப்ப எல்லாம் உன் கைலதான் கீது, பாத்துக்கோ. வேணும்னா என் கார்டுலயே கட்டிடலாம்," என்று பாபு ரோட்டில் பார்த்தபோது தானாகவே சொன்னான்.

காசுக்கு அடிபோடுகிறான் என்று தாவீது நினைத்துக்கொண்டான். "நோட்டீஸ் வரட்டும், நான் பாத்துக்கறேன்," என்றான். நோட்டீஸ் வந்து சேர வேண்டிய மெயில் அதற்குள் செத்துவிட்டிருந்தது.

ஜூலையில் ஒருநாள், கூட வேலை பார்க்கும் இசக்கிபாண்டி கேண்டீனில் வந்து நின்றான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். "அண்ணே, ஊர்லேருந்து தம்பி வாரான், ரூம் பாக்கணும்னான். உங்க பக்கம் தொறக்கவே மாட்டேங்குன்னு சொல்லுதான்."

தாவீது சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். ஓடிப்போய்ப் பார்த்தால் மெயிலே இல்லை. பெயர்களின் கணக்கில் நுழையப் பார்த்தான். எவனாலும் கண்டுபிடிக்க முடியாத அந்தப் பாஸ்வேர்டை அவனாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பதிந்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டான். புதுப் பாஸ்வேர்டை அந்த மெயிலுக்குத்தான் அனுப்புவோம் என்று திரும்பத் திரும்ப ஒரே பதில். வீட்டுக்காரர்கள் நூறு ரூபாயை நிறுத்திவிட்டார்கள். கட்டவேண்டிய நாற்பத்தேழாயிரம் அரிசி டிரம்முக்கு அடியில் அப்படியே கிடக்க, கம்பெனி கொடுத்த அவகாசமும் முடிந்து செப்டம்பரில் தொண்ணூற்று நான்கு பெயர்களும் கைவிட்டுப் போயின. இனி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கடுத்த ஞாயிறு, சர்ச்சிலிருந்து நேராகப் பாபுவின் சென்டருக்குள் நுழைந்தான். ஷெர்லினும் கூடவே வந்தாள். எந்தப் பெயர் யாரிடம் இருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து, நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்தான். திருடனின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் அவனுக்குத் தூக்கம் வராது.

முதல் பெயர் காலியாக இருந்தது. இரண்டாவதும் காலி. பத்து, நாற்பது, அறுபது. எல்லாம் காலி, வேண்டுமா என்று அவனையே கேட்டது. முதலில் ஆச்சரியப்பட்டான், பிறகு எரிச்சல் வந்தது. தொண்ணூறைத் தாண்டியபோது அவமானத்தில் காது சுட்டது. மூன்று வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்த சொத்தை, ஐந்நூறு ரூபாய்க்குக்கூட உலகத்தில் எவனும் தொடவில்லை.

கடைசியாக ரூம்ஸ் பெயரை அடித்தான். அது காலியில்லை. நாலு நாளைக்கு முன்னால் யாரோ பதிந்திருந்தார்கள்.

"பாத்தியா! நான் சொன்னேன்ல! திருடிட்டான்!" என்று குதித்து எழுந்தான். விற்ற நிலம் திரும்பி வந்ததுபோல அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எட்டிப் பாபுவின் காலரைப் பிடித்தான்.

பாபு திமிறவில்லை. "கீழ பேரு போட்டுக்கீதுண்ணா, படி," என்றான்.

தாவீது குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தான். ஷெர்லின், வடக்குப்பட்டு.

"காலியான அன்னிக்குக் காலையிலயே பாபு எடுத்துக் குடுத்தாரு," என்றாள் ஷெர்லின். "எத்தினி நாளா உக்காந்து பாத்துக்கினு இருந்தாரு தெரியுமா?"

"என் பேர்ல எடுத்திருக்கலாம்ல?"

"அவரும் அதத்தான் சொன்னாரு. நான்தான் வாணாம்னுட்டேன். திருடன்கிட்டேர்ந்து காப்பாத்தணும்னா உன் பேர்ல வச்சிருப்பேன். இத உன்கிட்டேர்ந்துல்ல காப்பாத்த வேண்டியிருந்திச்சி."

தாவீது காலரை விட்டான். மன்னிப்பை முதலில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.