உள்ளே விட்ட துணி

எனக்குக் கொழுப்பு என்று சொல்லாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டுப் பழகிய வசனம். நான் தையல்காரி. ஊரார் உடம்பை அளந்தே வயிறு வளர்க்கிறவளுக்குத் தன் சுற்றளவு தெரியாதா என்ன? இரண்டு வருஷத்துக்கு முன் சிறுநீரகங்கள் கைவிரித்தபோதும், "அத்தனை சதை, பின்னே என்ன ஆகும்" என்றுதான் பேசினார்கள்.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். போனதும் எடை மிஷினில் ஏறவேண்டும். நான் இருக்கவேண்டிய எடை எண்பத்து நாலு கிலோ என்று என் அட்டையில் எழுதியிருந்தது. அதற்கு மேல் இருப்பதெல்லாம் தேங்கிய தண்ணீர் என்று கணக்கு. அதை மட்டும் உறிஞ்சிவிட்டு அனுப்புவார்கள்.

மூன்று மாதமாகச் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. என் நாத்தனாருக்கு ஒரே குஷி. "இப்பத்தான் அண்ணி உங்களுக்கு வாயைக் கட்டத் தெரிஞ்சிருக்கு" என்றாள். என் வீட்டுக்காரர் என் தட்டையும் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பார். போதாக்குறைக்கு மூச்சு வாங்கியது. படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். நாற்காலியிலேயே தூங்கப் பழகினேன். பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"எடை அப்படியேதாம்மா இருக்கு. உங்க உடம்புக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். கொஞ்சம் இளைக்கப் பாருங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை சட்டை போடும்போது தோள் நழுவியது. நானே தைத்த சட்டை, நழுவ வாய்ப்பே இல்லை. டேப்பை எடுத்து மேல்கையை அளந்தேன். பதினாலு அங்குலம். போன வருஷம் அளவு நோட்டில் நானே எழுதி வைத்தது பதினாறரை. தோளும் தொடையும்கூடக் குறைந்திருந்தன. கணுக்கால் மட்டும் ஒன்றரை அங்குலம் கூடியிருந்தது.

சதை போயிருக்கிறது, எடை போகவில்லை. அப்படியென்றால் போன சதையின் இடத்தில் தண்ணீர் வந்து குடியேறியிருக்கிறது. எண்பத்து நாலு வந்ததும் வேலை முடிந்தது என்று மிஷினை நிறுத்திவிடுகிறார்கள். நான் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளுக்குள்ளேயே மூழ்கிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் நோட்டையும் டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். எடை எண்பத்தைந்தரை காட்டியது.

"ஒன்றரை லிட்டர் எடுத்துடலாம்க்கா. உட்காருங்க" என்றாள் நர்ஸ்.

"உட்கார மாட்டேன். எண்பத்து நாலுங்கறது தப்பு. அதை மாத்து, அப்புறம் ஊசி குத்து."

"ஐயோ, அதெல்லாம் டாக்டர்தான்க்கா சொல்லணும்."

"அப்ப கூப்பிடு அவரை."

பெரிய டாக்டரே வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என்னம்மா, எங்களுக்கே வைத்தியம் சொல்லித் தர்றீங்களா?"

"வைத்தியம் உங்களுக்குத் தெரியும் டாக்டர். அளவு எனக்குத் தெரியும். உங்க மிஷின் சதையையும் தண்ணியையும் சேர்த்துத்தான் நிறுக்குது. என் கையில ரெண்டரை அங்குலம் காணோம். அது எங்க போச்சுன்னு சொல்லுங்க, உட்கார்றேன்."

நோட்டை அவர் கையில் திணித்தேன். பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். வெளியே போ என்று சொல்லிவிட்டால் எந்த மிஷினைத் தேடி ஓடுவேன்?

அவர் நோட்டைப் படித்தார். முதல்முறையாகக் குனிந்து என் காலை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது, அப்படியே நின்றது. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்தபிறகு அட்டையில் எண்பத்து நாலை அடித்துவிட்டு எழுபத்தொன்பது என்று எழுதினார். "ஒரே நாள்ல எடுத்துட முடியாது, கூடுதலா சில நாள் வாங்க" என்றவர், மன்னிச்சுடுங்க என்று முணுமுணுத்தார். காதில் விழாத மாதிரி இருந்தேன். இன்னொரு தடவை சொல்லட்டுமே!

பத்து நாளில் நாற்காலியை விட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்துத் தூங்கினேன். அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பசிக்காதது உங்க தப்பு இல்லைக்கா. கொழுப்பு சும்மா கிடக்கிற சாமான் இல்லை. 'போதும், நிறுத்து'ன்னு மூளைக்குச் சொல்ற ஹார்மோன் ஒண்ணு அதுலதான் சுரக்குது, லெப்டின்னு பேரு. வேலை முடிஞ்சதும் சிறுநீரகம் அதை அகற்றணும். உங்களுக்கு அது நடக்கலை, மிஷினும் சரியா வடிகட்டாது. அதனால ரத்தத்துல தேங்கிக்கிட்டு 'போதும் போதும்'னு சொல்லிட்டே இருக்கு. இது ஒண்ணுதான் காரணம்னு சொல்லமாட்டேன், இதுவும் ஒண்ணு. உங்களுக்கு இப்ப சதை கரையறதுதான் ஆபத்து. பசி வரட்டும்னு காத்திருக்காம மணி பார்த்துச் சாப்பிடுங்க."

"நான் சாப்பிடணுமா?"

"நல்லா சாப்பிடணும்க்கா."

ஒரு ஆஸ்பத்திரியில் இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அங்கேயே, எல்லார் முன்னாலும், ஓவென்று அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தபோது, அவித்த முட்டை ஒன்றைக் கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, என் சட்டையைத் தையல் மிஷினில் வைத்திருந்தேன்.

"அழகா இளைச்சிட்டீங்க அண்ணி! பழைய சட்டையையெல்லாம் வெட்டிச் சின்னதாக்கிடுங்க."

"சின்னதாக்கிட்டுத்தான் இருக்கேன்."

இரண்டு பக்கமும் துணியை உள்ளே மடித்துப் பிடித்து, பெரிய பெரிய தையலாக ஓட்டினேன். நூலை ஒரு இழு இழுத்தால் பிரிந்துவிடும். உள்ளே மிஞ்சிய துணியை வெட்டுவதற்கு அவளே கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். வாங்கி மேஜை டிராயரில் போட்டு மூடினேன்.

"அந்தத் துணி உள்ளேயே இருக்கட்டும். அது எனக்கு வேணும்" என்றேன்.

அவள் பார்க்கப் பார்க்க இரண்டாவது முட்டையை எடுத்தேன்.