முக்தார் நானா கடையின் உள்மேசை

நேர்த்தி முடிகிற நாளில் எங்கே, என்ன சாப்பிடுவது என்பதில் திரேசாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மாவனல்லையில், முக்தார் நானா கடையில், மட்டன் புரியாணி. மகளைக் கண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் முழுக்க பஸ் அந்தக் கடைக்கு முன்னால்தான் நின்றது. நின்ற நேரத்தில் நெய் மணமும் இறைச்சி மணமும் டிக்கட் எடுக்காமல் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அவள் ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு அருள்நிறை மரியே சொல்லத் தொடங்குவாள். செபம் ஒரு பக்கம் போகும், எச்சில் ஒரு பக்கம் ஊறும். அந்தோனியார் கோபிக்கமாட்டார் என்று அவளுக்கு நம்பிக்கை. அவரும் வயிற்றோடு பிறந்தவர்தானே.

திரேசா புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். புருஷன் தேவதாசனுக்கு அதே தோட்டத்து பெக்டரியில் வேலை. ஸ்டெபானியின் இருதயத்தில் ஓட்டை இருக்கிறது, ஒப்பரேசன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று இரண்டு பேரும் கண்டி அந்தோனியார் கோயிலில் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டார்கள். இனிக் கிளினிக்குக்கு வரவேண்டாம் என்று டாக்டர் சொல்லும்வரை கவுச்சி தொடுவதில்லை, கடைச் சாப்பாடு வாயில் வைப்பதில்லை. யோசனை தேவதாசனுடையது. "நீ மட்டும் இருந்தாப் பத்தாது திரேசா. பெத்தவங்க ரெண்டு பேரும் சேந்து இருக்கணும். அப்பத்தான் பலிக்கும்" என்றான். இப்படி ஒரு தகப்பன் எந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறான் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலு வருஷம். ஒப்பரேசன் முடிந்தது, கிறிஸ்மஸ் வந்தது, ஈஸ்டர் வந்தது, பக்கத்து வீடுகளில் கோழி கொதித்தது. திரேசா அசையவில்லை. எங்கே போனாலும் பருப்பும் கிழங்கும் சோறுமாகப் பார்சல் கட்டிக்கொண்டு போவார்கள். ஆஸ்பத்திரி வாசலிலும் பஸ் நிலைய வாங்கிலும் இருவரும் அருகருகே உட்கார்ந்து அதைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். பஸ் நேரம் விசாரித்துவிட்டு வந்து உட்காருகிற தேவதாசன் எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைத்துவிடுவான். புள்ளைய நினைத்தால் சோறு இறங்கவில்லை என்பான். அந்த மிச்சத்தை அவள் பத்திரமாக மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவாள்.

ஒரே ஒரு தடவை தவறிப்போனது. தங்கை விஜயகலாவின் கல்யாணத்தில் சட்டி சட்டியாக ஆட்டிறைச்சி கொதித்தபோது, "அக்கா, உப்பு பாரு" என்று யாரோ அகப்பையை நீட்டினார்கள். கை பழக்கதோஷத்தில் விரிந்தது, ஒரு சொட்டுக் குழம்பு விழுந்தது, நாக்கில் பட்டுவிட்டது. உடனே துப்பினாள், வாய் கொப்பளித்தாள், அன்றைக்கே அழுதுகொண்டு புருஷனிடம் சொன்னாள். மறைக்க நினைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. அதே கிழமையில் ஸ்டெபானிக்குக் காய்ச்சல் ஏறி, திரும்பவும் கண்டியில் வார்ட்டுக்குள் போட்டார்கள். "ஒன் நாக்கு ருசிக்கு எம்புள்ளய காவு குடுக்கப் பாத்தியே" என்றான் தேவதாசன், நர்ஸ்மார் முன்னிலையில். மகளுக்குக் காய்ச்சல் இறங்கிய அன்று கோயில் வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலால் நடந்தாள். தோல் கிழிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. மகளோடு வார்ட்டில் கிடந்தது அவள். தினமும் மத்தியானம் வந்து பார்த்துவிட்டுப் பின்னேர பஸ்ஸில் தோட்டத்துக்குத் திரும்பியது அவன்.

போன மாதம் டாக்டர் சிரித்துக்கொண்டே இனி வரவேண்டாம் என்றார்.

ஆகவே இன்று நேர்த்திக்கடன். கோயிலில் இரண்டு பெரிய மெழுகுதிரி ஏற்றினார்கள். குளத்தைச் சுற்றி நடந்தார்கள், ஸ்டெபானி மீனுக்குப் பொரி போட்டாள். ஒரு பெரிய கடைத்தொகுதியில் ஓடும் படிக்கட்டில் தாயும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி, சிரித்து, வேலையே இல்லாமல் மறுபடி இறங்கினார்கள். பேராதனைப் பூந்தோட்டத்தில் படுத்துக் கிடக்கிற மாதிரி விரிந்த அந்தப் பெரிய மரத்தின் கீழே போட்டோ எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்காக இல்லாமல் கண்டிக்கு வந்தது இதுதான் முதல் தடவை. இந்த ஊர் இவ்வளவு அழகு என்று இத்தனை நாள் தனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே என்று திரேசாவுக்குப் பட்டது.

தேவதாசன்தான் சரியில்லை. "இங்கயே சாப்புட்டுருவோம். நல்ல பெரிய கடையா பாத்து போவோம்" என்று காலையிலிருந்தே நச்சரித்தான்.

"இல்லீங்க, மாவனல்லையிலதான்."

"அங்க ஒரே கூட்டம். எடம் கெடைக்காது. எண்ணெய் வேற கூட போடுவானுக."

"நீங்க என்ன சாப்புட்டுப் பாத்த மாதிரி சொல்றீங்க?" என்று திரேசா சிரித்தாள். அவளுக்குக் கேலி. அவனுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி. கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

மாவனல்லையில் இறங்கினார்கள். கடை வாசலில் பரிமாறுகிற இளைஞன் றிப்தி நின்றான். தேவதாசனைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. "வாங்க அண்ணே! எங்க, கொஞ்ச நாளா காணவே இல்ல?"

"வெரதிலா வகே, மல்லி" என்றான் தேவதாசன் சட்டென்று சிங்களத்தில். ஆள் மாறிப்போச்சு போல, தம்பி. நல்ல தமிழில் பேசுகிறவனிடம் எதற்குச் சிங்களம் என்று திரேசா திரும்பிப் பார்த்தாள். றிப்தியும் ஒருமாதிரி பார்த்தான். ஆனாலும் அவனுடைய கால்கள் பழக்கத்தில் நடந்தன. ரோட்டிலிருந்து கண்ணுக்குப் படாத, கைகழுவும் இடத்தோடு ஒட்டிய உள்மேசையைத் துடைத்து அங்கேயே உட்காரவைத்தான்.

மூன்று புரியாணி வந்தது. தேவதாசனுக்கு வைத்த தட்டில் மட்டும் யாரும் கேட்காமலே பொரித்த முட்டை ஒன்றும் நல்லி எலும்பு ஒன்றும் கூடுதலாக இருந்தன.

"அப்பாக்கு மட்டும் ஏன் முட்டை?" என்றாள் ஸ்டெபானி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று தேவதாசன் இன்னும் நம்பினான் போலிருக்கிறது. "மாத்தி வச்சிட்டான்" என்று முட்டையை மகளின் தட்டுக்குத் தள்ளினான். அதற்குள் கல்லாவிலிருந்து முக்தார் நானாவே எழுந்து வந்துவிட்டார். நல்ல மனுஷன், வெள்ளைத் தொப்பி, வாய் நிறையச் சிரிப்பு.

"அட, தேவதாசன்! இதா அந்த மகள்? அல்ஹம்துலில்லாஹ், நல்லா வளந்திட்டாளே!" என்று பிள்ளையின் தலையைத் தடவினார். பிறகு திரேசாவிடம் திரும்பினார். "தங்கச்சி, மகள் காய்ச்சலோட ஆஸ்பத்திரியில கெடந்த நேரம் ஒங்கட மாப்புள பட்ட கவலைய நான்தான் பாத்தன். நாள் தவறாம பின்னேரம் வருவார். சாப்பிட்டிட்டு இதே மேசையில குந்திக்கொண்டு அழுவார்."

திரேசா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். முக்தார் நானா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஒங்களப் பத்தியும் சொன்னார். கல்யாண வீட்டுல நீங்க வாயக் கட்டாம நேர்த்திய முறிச்சதாலதான் காய்ச்சல் வந்ததாம். நான் சத்தம் போட்டன். ஆண்டவன் அப்படியெல்லாம் செய்யமாட்டான், பாவம் அந்தப் புள்ளைய ஏசாதீங்கண்டு."

"அத சொல்றப்ப அவரு தட்டுல என்ன இருந்துச்சு நானா?"

"வேற என்ன, இதே மட்டன்தான்" என்று சிரித்தார் அவர். சிரித்த பிறகுதான் இரண்டு முகங்களையும் பார்த்தார். கல்லாவில் யாரோ கூப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

திரேசாவுக்கு முழங்கால் எரிந்தது. ஆறிப்போன தழும்பு எரியுமா என்று கேட்டால் எரியும். அவன் தின்றதுகூட அவளுக்குப் பெரிதில்லை. பசிக்குத் தின்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளே அந்தோனியாரிடம் அவனுக்காக மன்றாடியிருப்பாள். ஒரு சொட்டுக் குழம்புக்காக அவள் வார்ட்டுத் தரையில் படுத்து அழுதபோது, இவன் எலும்பைச் சப்பிக்கொண்டே அவள் நாக்கைப் பற்றி ஊரானிடம் ஒப்பாரி வைத்திருக்கிறான். மகளைக் கொல்லப் பார்த்தவள் நான்தான் என்று இத்தனை காலம் நெஞ்சில் கல்லைச் சுமக்க விட்டு, பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறான். பார்சலில் மிச்சம் வைத்த சோறு ஏன் இறங்கவில்லை என்பதும் இப்போது விளங்கியது.

"வேல செய்யிற ஒடம்பு திரேசா" என்றான் அவன் மெதுவாக. "பசி தாங்க ஏலல."

"நான் என்ன, பங்களாவுல ஒக்காந்தா பால் வெட்டுறேன்?"

"சரி, அதான் புள்ள பொழச்சிருச்சில்ல. அப்புறம் என்ன?"

அந்த வார்த்தையோடு அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. அவள் அழவில்லை.

ஸ்டெபானிக்குப் பாதி விளங்கவில்லை. காலையில் கோயிலில் பேசிக்கொண்டது மட்டும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. "அப்பா, நீங்கதான் அம்மாவுக்கு மொத வாய் ஊட்டணும். சொன்னீங்கதானே?"

தேவதாசன் ஒரு கவளத்தை உருட்டி நீட்டினான். திரேசா வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கையை விரித்து நீட்டினாள், கல்யாண வீட்டில் அகப்பைக்கு நீட்டியதுபோல. அவன் தயங்கித் தயங்கிக் கொஞ்சத்தை அதில் வைத்தான். அவள் அதை நாக்கில் தொட்டு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.

"உப்பு சரியாத்தான் இருக்கு" என்றாள்.

பிறகு தன் தட்டையும் மகளின் தட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலோரம், ரோட்டில் போகிற வருகிறவர்களெல்லாம் பார்க்கக்கூடிய மேசையில் போய் உட்கார்ந்தாள். மகளுக்கு ஒரு வாய் ஊட்டினாள். தானும் ஒரு வாய் வைத்தாள். புரியாணி நினைத்ததைவிட நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஒரு பருக்கை விடாமல் தின்னத் தொடங்கினாள்.

ஸ்டெபானி திரும்பித் திரும்பி உள்ளே பார்த்தாள். "அப்பாவையும் இங்க கூப்புடுவோமா அம்மா?"

"வேணாம்மா. அவருக்கு அந்த மேசதான் பழக்கம். அங்கயே இருக்கட்டும்."