சூடு இடப்பக்கம்

1

கண்ணுகளா, இந்தக் கதை எனக்குப் பல் டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சில் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார். எங்காவது வலி கூடுதலாகத் தெரிந்தால் அது பல்லுடையது; கழித்துக்கொள்ளுங்கள்.

2

அக்கா வீட்டில் ஒரு பழைய வால்வு ரேடியோ. அதன் பேக்கலைட் உடம்பு மாலை வெயிலில்...

(அடித்துவிட்டேன். வெயிலைக் கூப்பிட்டால் நான் ஏமாற்றப்போகிறேன் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.)

நேராகவே சொல்கிறேன். அது காலமான அத்தான் வாங்கியது. இரைச்சல் வருகிறதென்று அக்கா அதைத் தம்பியிடம் கொடுத்தாள். "உங்க அத்தான் கை பட்ட பெட்டிடா, பத்திரம்." அவன் மாடிப்படியில் நழுவவிட்டான். பேக்கலைட் அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்; நசுங்காது, நொறுங்கும்.

3

தம்பி ரேடியோ சேர்ப்பவன்.* ஒரே மாடலில் முந்தியது, பிந்தியது என்று இரண்டு உண்டு. முந்தியதில் முள் சிவப்பு, குமிழில் வரிகள். பிந்தியதில் முள் வெள்ளை, குமிழ் வழவழப்பு. அக்காவுடையது முந்தியது. தேடியலைந்து சிவப்பு முள்ளும் வரிக்குமிழும் உள்ள ஒன்றைப் பிடித்துவிட்டான். ஆனால் முள்ளும் குமிழும் யாரும் கழற்றி மாட்டக்கூடியவை. உள்ளே எரியும் கண்ணாடிக் குழாய்கள், அந்த வால்வுகளின் வரிசை மட்டும் முந்தியதில் ஒன்று, பிந்தியதில் வேறு; அதை யாரும் மாற்ற முடியாது. அதை அவன் பார்க்கவில்லை.

(இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் சந்தேகம். இவ்வளவு தெரிந்தவனுக்கா? கன்னத்தைப் பிடித்திருந்தவரிடமே கேட்டேன். "அக்கா முகத்துல முழிக்கணுமேங்கற பயம்மா. சிவப்பு முள்ளப் பாத்ததுமே கும்பிடு போட்டுட்டேன்.")

* சேர்ப்பவன்தான், கேட்பவன் அல்ல. அவன் வீட்டில் முப்பது ரேடியோவும் மௌனவிரதம்.

4

ரிப்பேர் ஆகிவிட்டதென்று தம்பி கொண்டுவந்து வைத்த பெட்டியின் குமிழை அக்கா திருகினாள். செய்தி வந்தது.

"தொண்டை தெளிஞ்சிருக்கே! பரவால்லடா, உனக்கும் ஒரு வேலை தெரியுது."

பிறகு, தினமும் செய்வதுபோல, வாதத்தால் மடங்காத விரல்களைப் பெட்டியின் தலையில் இடது ஓரமாக வைத்தாள். அதிகம் சுடும் வால்வு அதற்கு நேர் கீழேதான் எரியும். அத்தான் போனபிறகு அவள் விரல்கள் இளகுவது அங்கேதான்.

காத்திருந்தாள். பெட்டி பேசிக்கொண்டே இருந்தது. இடப்பக்கம் சில்லென்றிருந்தது.

கை மெல்ல நகர்ந்தது. வலது ஓரத்தில் நின்றது.

"ஏன்டா, சூடு இந்தப் பக்கம் குடி வந்திருக்கு?"

5

அந்த நேரம் பார்த்து நர்ஸ் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டாள்.

முதலில் எழுதிய முடிவில் தம்பி அழுதான். அக்கா உடனே மன்னித்தாள்; அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கிற அக்காவை நான் பார்த்ததில்லை, கிழித்தேன். அடுத்ததில், "ரிப்பேர்ல வால்வ மாத்தி வச்சிருப்பாங்கக்கா" என்றான். அவள் "அப்படியா" என்று மட்டும்...

அந்த "அப்படியா"வுக்குப் பிறகு என்னால் எழுத முடியவில்லை.

அன்று கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்தார். "அக்காகிட்ட என்ன தம்பி சொன்னீங்க?" என்றேன். வாய் நிறையப் பஞ்சு. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டார்.

அக்காவின் கை இன்னும் வலது ஓரத்தில்தான் இருக்கிறது, கண்ணுகளா. பெட்டி சூடாகத்தான் இருக்கிறது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பஞ்சை எடுத்துவிட்டு, அவனைப் பேசவைப்பது உங்கள் பொறுப்பு.