பிரிகேடியருக்கு ஒரு வெடி

மகாவலி கங்கை வற்றினாலும் வற்றாத புகழை இந்த மண்ணில் நாட்டிவிட்டுப் போன மாவீரன் ஒருவன், 1934ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமை காலை, குண்டசாலையில் நல்லடக்கம் செய்யப்படவிருந்தான். அவனுக்கு நாலு கால்; வாலும் உண்டு. தலைமாட்டில் வைக்க வேண்டியது மலர்வளையமா, உயிரோடிருந்தபோது அவன் உயிரையே விட்ட கருவாட்டுத் தலையா என்று அந்த வீட்டுக் கணவனுக்கும் மனைவிக்கும் விடிந்ததிலிருந்து வாக்குவாதம்.

"பிரிகேடியருக்குக் கருவாடோ? வில்மொட் துரை வாறார். என்ரை மானத்தை வாங்காதையும்," என்றார் பொன்னுத்துரை.

"கறுப்பன் பூத் தின்னிறேல்லை," என்றாள் அன்னலட்சுமி.

பிரிகேடியர் என்பது பொன்னுத்துரை வைத்த பெயர். அந்தப் பெயரைக் கேட்டு நாய் திரும்பிப் பார்த்ததாக வரலாறு இல்லை. அடுப்படி வாசலில் நின்று அன்னலட்சுமி "கறுப்பா" என்று முணுமுணுத்தால் போதும், ஆற்றங்கரையிலிருந்து ஓடி வரும்.

பொன்னுத்துரை கண்டியில் ஒரு கந்தோரில் பெரிய கிளாக்கர். கிழமை நாட்களில் கோப்புகளை வேட்டையாடுவார். சனிக்கிழமைகளில் காக்கிக் காற்சட்டையும் முழங்கால் வரை மேஸ் காலுறையும் மாட்டிக்கொண்டு, தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு தும்பறைக் காட்டுக்குப் புறப்படுவார். திங்கட்கிழமை காலை கந்தோரில் பேனையைத் தொடுமுன் வேட்டைக் கதை சொல்லி முடிக்க வேண்டும். அந்தக் கதைகளின் உச்சம் பிரிகேடியரின் இடது காது. அது பாதிதான் இருந்தது. மீதியைப் பாய்ந்து வந்த ஒரு சிறுத்தை கொண்டுபோயிற்றாம். சிறுத்தையின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு கூடியது.

இந்தப் புகழ் மலையேறி வில்மொட் துரையின் காதுக்கும் போனது. அவர் பெரிய தேயிலைத் தோட்டமொன்றின் துரை, வெள்ளைக்காரர்களின் வேட்டைச் சங்கத்துக்குத் தலைவர். சங்கத்துக்குக் காரியதரிசி ஒருவர் தேவைப்பட்டார்; பொன்னுத்துரையின் பெயரும் அடிபட்டது. நாய் செத்த செய்தி கேட்டதும், "நல்லடக்கத்துக்கு வருகிறேன், முடிவை அங்கேயே சொல்கிறேன்" என்று துரை ஆள் அனுப்பினார். வேட்டைச் சங்கத்தின் வாசற்படியில் அதுவரை எந்தக் கிளாக்கரும் கால் வைத்ததில்லை. பொன்னுத்துரை அழுதுகொண்டே தையற்காரனிடம் போய்ப் புதுக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார்.

அழுகை பொய்யல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். நாய் சாகக்கிடந்த பின்னேரம் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கறுப்பா, கறுப்பா" என்று அவர் கூப்பிட்டதை அன்னலட்சுமி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். கேட்காதவள் போல் தேத்தண்ணி வைக்கப் போனாள்.

பலா மரத்தடியில் குழி தயாராக இருந்தது. துரை வந்து கதிரையில் உட்கார்ந்தாயிற்று. கந்தோர்க்காரர்கள் கறுப்புப் பட்டி கட்டி நின்றார்கள். சற்றுத் தள்ளி, அக்குறணையில் பிடவைக்கடை வைத்திருக்கும் ஹுஸைன் முதலாளியும் அவருடைய மச்சான் தாஸிமும் நின்றார்கள். ஹுஸைன்தான் எல்லா வேட்டைக்கும் கூட்டு. மார்க்கப்படி நாயைத் தொட்டால் மண் போட்டுக் கழுவ வேண்டுமென்பதால், நாய்க்கும் தனக்கும் நடுவில் எப்போதும் ஒரு பிரம்பின் தூரம் வைத்திருந்தவர். அது சாகக்கிடந்தபோது பார்க்க வந்த அன்று நாய் தலையைத் தூக்கி அவர் கையை நக்கியது. அவர் கையை இழுக்கவில்லை. பிறகு கிணற்றடியில் மண்ணைப் போட்டு நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

பொன்னுத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். துரை முன்னிலையில் ஆங்கிலத்தில் ஒரு பங்கு, ஊராருக்காகத் தமிழில் ஒரு பங்கு. தமிழ்ப் பங்கில் வேகம் கூடிவிட்டது.

"என் குண்டு பட்ட மான், நிலத்தைத் தொடுமுன்னே உயிர் துறக்கும். அதைத் தூக்கி வந்து என் காலடியில் வைப்பான் பிரிகேடியர். அந்த இறைச்சியை இங்கே நிற்கும் ஹுஸைன் முதலாளியும் அவருடைய சுற்றத்தாரும் உண்டு மகிழ்ந்ததை நாடறியும்."

தாஸிமின் முகம் மாறியது. ஹுஸைனிடம் மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் குழியடியில் எல்லோருக்கும் கேட்டது.

"சுட்டு மௌத்தான எறச்சியயா காக்கா இத்தன காலமும் எங்களுக்குப் பங்கு வெச்சீங்க?"

அறுக்காமல் செத்த இறைச்சி மார்க்கத்தில் விலக்கு. அக்குறணையில் பாதிப் பேர் வீட்டில் அந்த மான்கறி மணத்திருக்கிறது. ஹுஸைன் தாஸிமையும் பொன்னுத்துரையையும் மாறிமாறிப் பார்த்தார். நண்பரின் மானத்தைப் பார்ப்பதா, ஊராரின் வயிற்றைப் பார்ப்பதா? அவர் முன்னுக்கு வந்தார்.

"வல்லாஹி, அப்பிடி இல்ல. கிளாக்கர் ஐயாட வெடி ஒரு நாளும் ஒன்டுலயும் பட்டதில்ல. அதுக்கு நான் சாட்சி. நாய்தான் மிருகத்த உசிரோட மடக்கி வெச்சிக்கொண்டீக்கும். நான் கத்தியோட ஓடிப்போய் பிஸ்மி சொல்லி அறுப்பேன். ஐயா காட்டு வழிப் பாலத்தடியில குந்திக்கொண்டீப்பாரு. ஒரு எறச்சியில ஒரு ஓட்ட கண்டதில்ல. சுத்தமான ஹலால்."

தாஸிம் நிம்மதியாக மூச்சுவிட்டார். பொன்னுத்துரைக்கு மூச்சே வரவில்லை. இதை ஆங்கிலத்தில் எப்படி அழகாகத் திருப்புவது என்று யோசித்தபடி துரையின் பக்கம் குனிந்தார்.

"வேணாம் மேன்," என்றார் துரை, தோட்டத்துக் கூலிகளிடம் பழகிய தமிழில். "நமக்கு வெளங்கிச்சு. இப்ப வெடி போடு. சிப்பாய்க்கு வெடி போட்டுத்தான் பொதைக்கணும்."

பொன்னுத்துரை துப்பாக்கியைத் தூக்கினார். தோட்டாவைப் போட அதை மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை. முழங்காலில் வைத்து அழுத்தினார். காற்சட்டைதான் கிழிந்தது. துரை எழுந்து வந்து, துப்பாக்கியை வாங்கி, ஒரு முறுக்கு முறுக்கித் திறந்து, குழலை வானத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். வானம் தெரியவில்லை. குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பழைய கூடு; குளவிகளும் எப்போதோ காலி பண்ணிப் போய்விட்டிருந்தன.

கந்தோர்க்காரர்கள் பலா மரத்தில் காய் எண்ணினார்கள்.

துரை குனிந்து நாயைப் பார்த்தார். பிறகு ஹுஸைனைப் பார்த்தார். "அப்ப இந்தக் காது? சிறுத்தையா, இல்லியா? நீ சொல்லு."

பொன்னுத்துரைக்கு மிச்சமிருந்தது அந்தக் காது ஒன்றுதான். அவர் ஹுஸைனைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹுஸைன் தன் கையைப் பார்த்தார்.

"சிறுத்ததான் தொரை," என்றார். "நல்ல பெரிய சிறுத்த."

துரை மீசைக்குள் சிரித்தார். "நம்ம சங்கத்துல ஒருத்தனும் ரொம்ப நாளா ஒண்ணும் சுடல மேன். ஆனா மாசாமாசம் அறிக்கை எழுதணும். அதுக்கு உன்ன மாதிரி ஆளு வேணும். திங்கக்கெழம வா."

துரை போனார், கறுப்புப் பட்டிகளும் போயின. பொன்னுத்துரை மலர்வளையத்தை ஒதுக்கிவிட்டு, குழிக்குள் இறங்கி, நாயைத் தானே படுக்க வைத்தார். அன்னலட்சுமி கருவாட்டுத் தலையை நீட்டினாள். அவர் அதை வாங்கி நாயின் மூக்கடியில் வைத்தார்.

"இஞ்சருங்கோ, காரியதரிசியாமே," என்றாள் அவள்.

"ஓம்," என்றார் அவர்.

பிறகு நாயின் அந்த இடது காதை விரலால் ஒருமுறை தடவிவிட்டு மண்ணைத் தள்ளினார். காதைக் கொண்டுபோனது சிறுத்தை அல்ல. முதல் வேட்டையன்று ஒரு முயலைக் குறிவைத்துப் பொன்னுத்துரை சுட்ட வெடி. அதற்குப் பிறகு அவர் அந்தத் துப்பாக்கியில் தோட்டா போட்டதில்லை.