தேவையில்லாத கேரக்டர்

தேவையில்லாத கேரக்டர் என்று எழுதியிருக்கிறான், எழுதியதோடு விட்டானா, அதற்குக் கீழே இத்தனை பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள், ஒருத்தன் 'நான் நினைச்சதை அப்படியே சொல்லிட்டீங்க ப்ரோ' என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான்... அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். தையல் மெஷின் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றது. நூல் டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனின் திரை அணையப் போகும்போதெல்லாம் ஒரு விரலால் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தாள், காலையிலிருந்து இதே வேலை, ஒரு ஸ்கர்ட்டுக்கு ஓரம் மடிப்பது, போனில் படத்துக்குக் கீழே யாரோ எழுதிய ஒரு கருத்தைப் படிப்பது, மறுபடி ஒரு ஸ்கர்ட். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வந்தால் சித்தியின் கடையில் கால் வைக்க இடமிருக்காது, மேஜையில், பெஞ்சில், தரையில், எங்கே பார்த்தாலும் அதே சாம்பல் நிறத் துணி. சித்தி முன்னால் நின்று வெட்டுவாள், அவள் பின்னால் திரைச்சீலை மறைவில் உட்கார்ந்து தைப்பாள். ஆள் வந்தால் சித்தி பேசிக்கொள்வாள். அவள் வாயைத் திறக்க வேண்டியதில்லை, அந்த ஒரு சௌகரியத்துக்காகவே இந்த ஸ்டூலில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டாள் என்று அம்மா சொல்வாள், சொல்லட்டும், பொய்யில்லையே.

படம் என்னவோ நல்ல படம்தான். கொரியாவா ஜப்பானா என்பதிலேயே கருத்துப் பக்கத்தில் ஒரு சண்டை நடக்கிறது. ரயில் பாதையை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம், ரயில் போகும்போதெல்லாம் ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு நிற்பார், அந்த இடைவெளியில் பிள்ளைகள் சீட்டு எழுதி வீசுவார்கள், ஒரு காதல், ஒரு பரீட்சை, கடைசியில் எல்லோரும் போட்டோவுக்கு நிற்பார்கள். நடுவில் ஒரு பெண் வருவாள். ஜன்னலோரத்து நாற்காலிக்காரி. படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவள் வராமல் போய்விடுவாள், அவ்வளவுதான், ஏன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நாற்காலி காலியாகவே இருக்கும், படம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அவளைத்தான் தேவையில்லாத கேரக்டர் என்கிறான். தூங்காத ஆந்தை என்று பேர் வைத்துக்கொண்டவர் 'முதல் பாதி ரொம்ப மெதுவு, பொறுமை இருந்தா பாருங்க' என்கிறார். கடைசி பெஞ்ச் கவிஞன் 'என் ஸ்கூல் நாட்கள் கண் முன்னாடி வந்துடுச்சு, தேம்பித் தேம்பி அழுதேன்' என்கிறான். இன்னொரு அக்கா, 'நம்ம படத்துல ஸ்கூல் பையன்னா தாடியை மழிச்சுட்டு வந்து நிப்பான், இதுல நிஜமாவே பிள்ளைங்க மாதிரி இருக்காங்க' என்று எழுதியிருந்ததைப் படித்து அவளுக்கே சிரிப்பு வந்தது. அழுகிறவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தை முடித்தவர்கள். முடித்தவர்கள்தான் அழலாம் போலிருக்கிறது. பாதியில் விட்டவள் எதை நினைத்து அழுவாள்? அவளுக்கு அது இன்னும் முடியவே இல்லையே... அந்த ஜன்னலோரப் பெண்ணின் ஸ்கர்ட்டில், முழங்காலுக்குக் கீழே, ஒரு கோடு தெரியும். பழைய மடிப்பைப் பிரித்து இறக்கி விட்ட கோடு. எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் அந்தக் கோடு போகாது. வளர்ந்துவிட்டாள், இன்னொரு வருஷத்துக்கு வரும் என்று வீட்டில் யாரோ இறக்கி விட்டிருக்கிறார்கள், அவள் வருவாள் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதினாள், அழித்தாள், வேறு மாதிரி எழுதினாள், அதையும் அழித்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான், இத்தனை பேரில் ஒரே ஒரு ஆள், 'அந்தப் பொண்ணு எங்க போனா?' என்று கேட்டிருக்க மாட்டார்களா... கீழே கீழே தள்ளிக்கொண்டே போகிறாள், கேட்கவில்லை. 'காரணம் சொல்லியிருக்கணும், டைரக்டர் கோட்டை விட்டுட்டார்' என்று ஒருத்தர். காரணம்!

காரணம் என்றால் படத்தில் எல்லாவற்றுக்கும் ஒன்று வைத்திருப்பார்கள், வகுப்பில் சேர்ந்து வதைப்பார்கள், அல்லது பெரிய வியாதி வரும், அல்லது அப்பா கடன்பட்டு ஊரைவிட்டு ஓடுவார், மழை கொட்டும், பின்னால் வயலின் அழும். அவளிடம் அப்படி எதுவும் கிடையாது. அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, மூன்று வாரம் லீவு. அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, நாளைக்குப் போகலாம் என்று நினைத்தாள். நாளைக்குப் போனால் வகுப்பே திரும்பிப் பார்க்கும், இத்தனை நாள் எங்கே போனே என்று டீச்சர் எல்லார் முன்னாலும் எழுப்பி நிற்க வைப்பார், அவளுக்குத் தொண்டையில் சத்தம் வராது, சிரிப்பார்கள்... சரி, திங்கட்கிழமை போகலாம். திங்கட்கிழமை வந்தது. வயிறு வலித்தது, நிஜமாகவே வலித்தது. போகாத ஒவ்வொரு நாளும் போக வேண்டிய நாளைக் கனமாக்கிக்கொண்டே போயிற்று, ஈரத் துணிமேல் ஈரத் துணியாகப் போட்ட கொடி மாதிரி தொங்கிப்போயிற்று, பிறகு ஒரு நாள் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. வெட்கப்பட்டுப் படிப்பை விட்டேன் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா, இதை வைத்து யார் படம் எடுப்பார்கள்? எடுத்தாலும் தேவையில்லாத கேரக்டர் என்பார்கள். அப்போதெல்லாம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வாள். யாராவது வருவார்கள் என்று பயம். யாராவது வரமாட்டார்களா என்று... யாரும் வரவில்லை. ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், ரேடியோ என்று வகுப்பே கூப்பிட்டவள், அவள்கூட வரவில்லை.

இன்று காலையில் அம்மா தலையை வாரிக்கொண்டே, ஏதோ கடைக்குப் போய்வரச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "பெரிய டீச்சரைப் பார்த்தேன். விட்ட வகுப்புலயே சேத்துக்கறாங்களாம். சாயங்காலம் கடைக்கு வரேன், ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உன் வாயில இருந்து வரட்டும்." ஒரு வார்த்தை. அம்மாவுக்கு அது ஒரு வார்த்தை. தன்னைவிட இரண்டு வயது சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் நெட்டையாக உட்கார வேண்டும், யாரு இந்த அக்கா என்று கேட்பார்கள், அது போகட்டும், போய் உட்கார்ந்தால் அந்த இடம் அவளை வைத்துக்கொள்ளுமா? போனவளை ஒரு நாளாவது தேடியிருந்தால் அல்லவா திரும்பிப் போகலாம். கருத்துப் பக்கத்தை அதனால்தான் காலையிலிருந்து நோண்டுகிறாளா? யாரோ முன்பின் தெரியாத ஆட்கள், எந்த நாட்டிலோ எடுத்த படத்துக்கு எழுதியதைப் படித்தா அம்மாவுக்குப் பதில் சொல்லப்போகிறாள்? பைத்தியம் பிடித்திருக்கிறது உனக்கு, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"இங்க மியூட்டுன்னு ஒரு ஜீவன் வேலை செய்யுதாமே, உயிரோட இருக்கா?" என்று முன்னால் ஒரு குரல். ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் அவள் கை அப்படியே நின்றது. அவளுக்கு அந்தப் பேரை வைத்தது ஒருத்திதான். திரைச்சீலை விலகியது, ரேடியோ நின்றாள், வளர்ந்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள், முகப்பரு வந்து போன தழும்பு. அவளுடைய அம்மா போன வாரம் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், தைக்கும்போது இவளுக்குத் தெரியும் இது யாருடைய ஸ்கர்ட் என்று. ரேடியோவே வந்து நிற்பாள் என்று நினைக்கவில்லை. "ரேடியோ..." என்றாள். "அடிப்பாவி, அந்தப் பேரைக் கேட்டே எவ்ளோ நாளாச்சு" என்று அவள் சிரிக்க, சித்தி கத்தரியை நிறுத்தாமல், "ஏன், பேட்டரி தீந்துபோச்சா?" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். ரேடியோ ஸ்கர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், கடகடவென்று பேசினாள், கணக்கு டீச்சர் கல்யாணமாகிப் போனது, தண்ணீர்த் தொட்டியில் பூனை விழுந்தது, ரிசல்ட்டுக்கு அப்புறம் அப்பா வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போகப்போவது, பேசிக்கொண்டே குனிந்து ஓரத்தைத் தடவியவள், "ஏய், இவ்ளோ துணியை உள்ள மடிச்சு வெச்சிருக்கியேடி, நான் இன்னும் எங்க வளரப்போறேன்? இதான் கடைசி வருஷம்" என்றாள். சித்தி வந்து பார்த்தாள். கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு ஒரு விரற்கடை போதும், வளர்கிற பிள்ளைகளுக்குத்தான் இறக்கி விட மிச்சம் வைப்பது, கடையில் சேர்ந்த முதல் நாள் படித்த பாடம். "தூக்கத்துல தைக்கிறியா? ரசீதுல வகுப்பு போட்டிருக்குல்ல?" என்றாள் சித்தி. போட்டிருந்தது. அவள் பார்த்தும் இருந்தாள். ஆனால் கை வேறு கணக்கில் மடித்துவிட்டது, கையைப் பொறுத்தவரை ரேடியோ இன்னும் அந்தப் பழைய வகுப்பில், இரண்டாவது வரிசையில், சுவரை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், இன்னும் வளர வேண்டியவள்.

இப்போது கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சித்தி முன்னால் போய்விட்டாள். ரேடியோ ஸ்கர்ட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள். வாய்க்குள் அந்தக் கேள்வி காலையிலிருந்து தட்டச்சு செய்து அழித்த மாதிரியே வந்து வந்து அழிந்தது, கடைசியில் எப்படியோ வெளியில் விழுந்தது. "நான் வராம போனப்புறம்... என் இடத்துல யாரு உக்காந்தா?" ரேடியோ தலைமுடியைக் கட்டிக்கொண்டிருந்தாள், பல்லில் ரப்பர் பேண்ட். அதை எடுத்துவிட்டு, "யாரு உக்காருவா? என் பையை வெச்சுப்பேன். வருஷம் முழுக்க பைதான். வசதியா இருந்துச்சு" என்றாள். சிரித்தாள். பிறகு எதற்கோ மெஷினைத் தொட்டுப் பார்த்தாள், சக்கரத்தைக் கால்வாசி சுற்றினாள், "சரி, சாயங்காலம் எங்கம்மா வந்து வாங்கிக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள்.

வசதியா இருந்துச்சு. பிளேடை எடுத்து மடிப்பைப் பிரிக்கத் தொடங்கினாள், ஒவ்வொரு தையலாக, பிட் பிட்டென்று. வசதி. ஒரு ஆள் போனால் ஒரு பைக்கு இடம். சரிதானே, ரேடியோ என்ன தப்பாகச் சொல்லிவிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், பதில் கிடைத்துவிட்டது, இனி அம்மா வந்தால் இல்லை என்று சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதான்... ஆனால் பெஞ்சில் பை வைப்பது எதற்கு? கூட்டாளி வருகிறவரை வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் இருக்கத்தானே வைப்பார்கள், 'ஆளு வருது' என்று கையை நீட்டிச் சொல்வார்களே, எத்தனை தடவை அவளுக்காக ரேடியோ அப்படிச் சண்டை போட்டு இடம் பிடித்திருக்கிறாள். வருஷம் முழுக்க ஒரு பையா? வேறு யாரும் கேட்கவில்லையா, கேட்டும் தரவில்லையா? பை இடம் பிடித்து நின்றுகொண்டிருந்ததா, சும்மா சாய்ந்து கிடந்ததா? இதைக் கேட்டிருக்கலாமே, முட்டாள், இதையல்லவா கேட்டிருக்க வேண்டும். அந்தப் பேரைக் கேட்டே எவ்ளோ நாளாச்சு... ஏன்? வாய் ஓயாதவளை ரேடியோ என்று வகுப்பே கூப்பிட்டுக்கொண்டிருந்ததே, எப்போது நிறுத்தினார்கள்? இங்கே கால் மணி நேரத்தில் ஊர்க்கதை எல்லாம் கொட்டினாளே, அங்கே யாரிடம் கொட்டினாள், பையிடமா? பிளேடு விரலில் லேசாகப் பட்டது. ரத்தம் வரவில்லை, ஒரு வெள்ளைக் கோடு.

"உங்கம்மா வர நேரமாச்சு. என்ன சொல்லப்போறே?" என்று சித்தி முன்னாலிருந்து கேட்டாள். "துணி மிச்சமிருக்கு. உனக்கு ஒரு செட் வெட்டறதுன்னா இப்பவே சொல்லு, அப்புறம் வேற கலர் மாத்திட்டாங்கன்னா என்னைத் திட்டாதே." அவள் போனைத் தொட்டு எழுப்பினாள், கருத்துகளை மேலே தள்ளிவிட்டுப் படத்துக்குப் போனாள், அந்த இடத்துக்குத் தள்ளினாள், ரயில் போகிறது, ஆசிரியர் நிறுத்துகிறார், வெயில், ஜன்னல், காலி நாற்காலி. நிறுத்தினாள். இந்த இடத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் நாற்காலியைத்தான் பார்த்தாள், அதன் முதுகில் விழுந்த வெயிலை, ஆள் இல்லாத அந்த அளவை. காலி இடத்துக்குப் பக்கத்தில் ரேடியோ உட்கார்ந்திருந்த மாதிரி, நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். எப்போதும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்திருக்கிறாள், முழுசாக, நடுத் திரையில். இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். முகம் கிட்டே வர வரக் கட்டம் கட்டமாக உடைந்துகொண்டே போயிற்று, அழுகிறாளா, கொட்டாவி விடுகிறாளா... "உன்னைத்தான் கேக்கறேன்" என்றாள் சித்தி, கத்தரியைத் துணிமேல் வைத்துவிட்டு.